பதினான்காம் சேனல்

சென்ற 2025 தை மாதத்தின் முதல் வாரத்தில், செங்கலை நெடுக்காக இரண்டாய் வகிர்ந்தது போன்ற இரு கருவிகள் எங்கள் கம்பம் வீட்டிற்கு வந்து சேர்ந்தன. அத்தா அவற்றுள் ஒன்றைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, தலையில் நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் ஆண்டெனாவை மெல்ல வளைத்துப் பார்த்தார்.

"என்னத்தா இது, போலீஸ்காரங்க வச்சிருக்கிற மாதிரி இருக்கு?"

"சி.பி. ரேடியோ அத்தா. நீங்க தோட்டத்தில் ஒண்ணு வச்சுக்கணும். ஒண்ணு என்கிட்ட இருக்கும்."

அவர் மறுமொழி சொல்லவில்லை. கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அதன் விலையை அவர் கேட்கவில்லை என்பதிலிருந்தே, அது எதற்காக வாங்கப்பட்டது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி அறியாத சகோதரர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு வீடு கீழே தமிழ்நாட்டில். வயிற்றுப்பாடு மேலே கேரளத்து மலையில். ஸுப்ஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போதே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச்செல்லும் ஜீப்புகள் கம்பம்மெட்டுச் சாலையிலும் குமுளிச் சாலையிலும் உறுமத் தொடங்கிவிடும். கீழே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல்லும், பந்தலில் பன்னீர்த் திராட்சையும். கொண்டை ஊசி வளைவுகள் ஏறி எல்லையைக் கடந்தால் நிழலும் ஈரமும் ஏலக்காயும். அத்தாவுக்கு அங்கே இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் உண்டு. என் பாட்டனார் வாங்கியது. அம்மா மவுத்தான பிறகு அத்தா திங்கள் முதல் வியாழன் வரை அந்தத் தோட்டத்துக் கொட்டகையிலேயே தங்கத் தொடங்கினார். ஜும்ஆவுக்கு மட்டும் கீழே இறங்கி வருவார். வீட்டில் இருந்தால் அம்மாவின் நாற்காலி கண்ணில் படுகிறது என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

2024 ஆடியில் பெய்த மழையில் அவர் அங்கே வழுக்கி விழுந்தார். கணுக்கால் எலும்பு முறிந்து, ஏலச்செடிகளின் நடுவே ஈர மண்ணில் நான்கு மணி நேரம் கிடந்திருக்கிறார். சட்டைப்பையில் கைப்பேசி இருந்தது. அதில் கோடு ஒன்றுகூட இல்லை. களையெடுக்க வந்த பெண்கள் பார்த்துக் கூச்சலிட்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எங்களில் எவருக்கும் துணிவில்லை. நாங்கள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, அஸரைக் களாச் செய்ய வேண்டும், தயம்மும் செய்ய மண் கிடைக்குமா என்பதுதான்.

கால் கூடி, தடியை ஊன்றி நடக்கத் தொடங்கியதும் அவர் மீண்டும் மலையேற ஆயத்தமானார். அக்காவும் மச்சானும், ஷார்ஜாவிலிருந்து கைப்பேசித் திரையில் தம்பியும், நானும் கூடிப் பேசினோம். தோட்டத்தை விற்றுவிடுவது என்பது மூவருடைய முடிவு. அதை யார் அத்தாவிடம் சொல்வது என்பதில் மட்டும் முடிவில்லை. அந்த வேளையில்தான் நான் ஒரு தவணை கேட்டேன். அவரோடு தொடர்பில் இருக்க ஒரு வழி கிடைத்தால் தோட்டம் இருக்கட்டும்; கிடைக்காவிட்டால் மாசி முடிவதற்குள் நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். ஆக, அந்தப் பெட்டிக்குள் இருந்தவை வெறும் விளையாட்டுப் பொருள்கள் அல்ல. இரண்டு ஏக்கர் நிலமும், ஒரு மனிதர் தம் முதுமையை எங்கே கழிப்பது என்பதும் அவற்றோடு கட்டப்பட்டிருந்தன.

சி.பி. என்பது சிட்டிசன் பேண்ட் என்பதன் சுருக்கம்; குடிமக்கள் அலைவரிசை என்று சொல்லலாம். ஹாம் ரேடியோ வேறு, இது வேறு. ஹாம் வைத்துக்கொள்ளத் தேர்வெழுதி, அரசாங்கத்திடம் உரிமமும் அழைப்புக்குறியும் பெற வேண்டும். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, தற்செயலாகப் போர்ட் பிளேரில் வானொலி நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத் என்ற ஹாம் பெண்மணி வெளியுலகுக்குச் செய்தி அனுப்பியது பலருக்கும் நினைவிருக்கும். சி.பி.க்குத் தேர்வு இல்லை. 2005ஆம் ஆண்டில் இந்திய அரசு 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை, 5 வாட் வலுவுக்கு உட்பட்ட கருவிகளுக்காக உரிமத்திலிருந்து விடுவித்தது. கருவி மட்டும் அங்கீகாரம் பெற்ற வகையாக இருக்க வேண்டும். பில்லோடு அந்தச் சான்றின் நகலையும் கேட்டு வாங்குவதற்கு எனக்கு ஆறு வாரம் ஆயிற்று. விற்றவர், "இதையெல்லாம் யார் சார் கேட்கப்போறாங்க?" என்று அலுத்துக்கொண்டார். யாரும் கேட்கமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும்.

அந்த விதியில் என்னைக் கவர்ந்த ஒரு நிபந்தனை உண்டு. பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது. பிறரால் தனக்கு இடையூறு நேர்ந்தால் முறையிடவும் உரிமை இல்லை. இதைப் படித்துக் காட்டியபோது அத்தா சிரித்தார். "கூட்டுக் குடும்பத்துக்கு எழுதின சட்டம் மாதிரி இருக்கு" என்றார்.

கருவியில் 40 சேனல்கள் இருக்கின்றன. அது அமெரிக்கக் கணக்கு. அவர்கள் 1958இல் இந்த அலைவரிசையில் 23 சேனல்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, 1977இல் 40 ஆக்கினார்கள். நம் நாட்டு எல்லையைக் கணக்கிட்டுப் பார்த்தால் 27ஆம் சேனல் 27.275இல் உள்ளே நிற்கிறது. 28ஆம் சேனல் 27.285இல் மயிரிழையில் வெளியே விழுகிறது. ஆகவே எங்களுக்கு 27 சேனல்கள்தாம். மீதமுள்ள 13ஐத் தொடுவதில்லை என்று அத்தாவிடம் சொன்னேன். "பக்கத்துக்காரன் வரப்பு மாதிரி" என்று அவரே விளங்கிக்கொண்டார்.

1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் லாரி ஓட்டுநர்கள் இந்த ரேடியோவைப் பெருவாரியாகக் கையாண்டார்கள். எந்தப் பம்பில் டீசல் இருக்கிறது, எந்தத் திருப்பத்தில் போலீஸ் நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே போவார்களாம். பிரிட்டனில், பாங்கை வெளியே ஒலிக்கவிட இயலாத பல ஊர்களில் பள்ளிவாசல்கள் சிறு வானொலிப் பெட்டிகள் வழியே அதை வீடுகளுக்கு அனுப்புகின்றன. வழிபாட்டு நிகழ்ச்சிகளை 27 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பத் தனி உரிமமே அங்கு உண்டு. இதைக் கேட்டதும்தான் அத்தா முதன்முறையாகக் கருவியைத் தாமாகவே பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார்.

அவருக்கு ரேடியோ புதிதல்ல. அஞ்சலகத்தில் வரிசையில் நின்று வானொலிப் பெட்டிக்கு ஆண்டு உரிமக் கட்டணம் கட்டிய தலைமுறை அது. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையைக் கேட்பதற்காகவே பாட்டனார் மாடியில் கம்பி கட்டியிருந்ததையும், பிறை பார்த்த இரவுகளில் தெருவே எங்கள் திண்ணையில் கூடிச் செவிமடுத்ததையும் சொன்னார். "அப்ப கேட்கத்தான் முடியும். இதுல நாமளும் பேசலாமா?" என்றார். பேசலாம் என்றேன். ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது; பொத்தானை அழுத்தினால் பேச்சு, விட்டால் கேட்பு; பேசி முடித்ததும் ஓவர் என்று சொல்ல வேண்டும்.

"நல்ல ஏற்பாடு. உங்க அம்மா இருந்தப்ப இது வந்திருக்கலாம்."

அம்மாவைப் பற்றி அவர் வேடிக்கையாக ஏதேனும் சொல்லி நான் கேட்டு இரண்டாண்டுகள் ஆகியிருந்தன.

எந்தச் சேனலை வைத்துக்கொள்வது என்ற கேள்வி வந்தபோது அவர் யோசிக்கவே இல்லை. "பதினாலு. பதினாலாம் பிறை மாதிரி மறக்காது" என்றார். அழகான தேர்வுதான், ஆனால் வானொலிக் கணக்கில் அதைவிட மோசமான தேர்வு அரிது. 27.12 மெகாஹெர்ட்ஸ் என்பது தொழிற்கருவிகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் உலகெங்கும் ஒதுக்கப்பட்ட இடம். 14ஆம் சேனலோ 27.125இல் அதன் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. முதல் நாள் மாலையிலேயே அது தெரிந்தது. மூட்டு வலிக்கு மின்வெப்பம் கொடுக்கும் இயந்திரங்கள் இந்த அலைவரிசையில்தான் இயங்குகின்றன. எங்கள் பகுதியில் எங்கோ ஒரு நோயாளிக்குச் சிகிச்சை நடக்கும் போதெல்லாம் எங்கள் கருவி தேனீக் கூட்டைக் கலைத்ததுபோல் ரீங்கரித்தது என்றே நினைக்கிறேன். எதிர்வீட்டுச் சிறுவன் தன் பொம்மைக் காரை ஓட்டினால் 15இலும் 16இலும் டர்ரென்று ஒரு சத்தம். எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், மோட்டார் என ஒவ்வொன்றும் தன் பங்குக்கு இரைந்தது. இரைச்சலை அடக்குவதற்கென்று ஒரு குமிழ் இருக்கிறது, ஸ்குவெல்ச் என்பார்கள். அதைத் திருகினால் அமைதி வரும். ஆனால் மெலிந்த குரல்களும் அந்த அமைதிக்குள் புதைந்துபோகும். இவற்றையெல்லாம் சொல்லிச் சேனலை மாற்றலாம் என்றேன். அத்தா இசையவில்லை. மலையில் மின்சாரமே கிடையாது, அங்கே எந்த இரைச்சலும் வராது என்றார். அதுவும் உண்மைதான்.

மற்றபடி கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையடக்கம் என்று பெயர்; பைக்குள் அடங்காது. பொத்தான்கள் பெரியவை, முதியவர் விரலுக்கு ஏற்றவை. அனுப்பும்போது பேட்டரியைக் குடித்துத் தீர்க்கிறது, கேட்கும்போது சிக்கனம். ரப்பர் ஆண்டெனா ஒரு சாண் நீளம். இந்த அலையின் நீளமோ 11 மீட்டர். முறையாகப் பார்த்தால் அதன் கால்பங்காவது, இரண்டே முக்கால் மீட்டர் கம்பி வேண்டும். சாண் ஆண்டெனாவை வைத்துக்கொண்டு மலையைத் தாண்ட நினைத்தது என் பேராசை.

ஞாயிறு நண்பகலில் நான் மொட்டைமாடியில் தனியாக நின்று சேனல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். சூரியன் தன் பதினோராண்டுச் சுழற்சியின் உச்சத்தில் இருப்பதாக 2024 அக்டோபரில் அறிவித்திருந்தார்கள். அத்தகைய காலங்களில் இந்த அலைகள் வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் தெறித்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இறங்கும் என்று படித்திருந்தேன், நம்பியிருக்கவில்லை. திடீரென்று இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல், அலை எழுவதும் தாழ்வதும் போல மிதந்து வந்தது. மலாயோ இந்தோனேசிய மொழியோ. இந்தோனேசியாவில் இந்த அலைவரிசையில் பேசுவோர்க்கென 1980 முதல் ஒரு பெரிய அமைப்பே இருக்கிறது. பேச்சில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவர் தொடங்கும்போது சொன்னது விளங்கியது. அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

நான் பொத்தானை அழுத்தவில்லை. என் 4 வாட் வலுவும் சாண் ஆண்டெனாவும் கடலைக் கடக்கா என்பது தெரியும். அத்துடன் அவர் என்னிடம் பேசவும் இல்லை. வாயால் மட்டும் பதில் ஸலாம் சொன்னேன். அரை நிமிடத்தில் குரல் கரைந்துபோயிற்று. கடல் தாண்டி ஒரு ஸலாம் வந்து சேர்கிறது. 10 கிலோமீட்டருக்கு அப்பால் மலைக்குப் பின்னால் கிடந்த என் தந்தையின் குரல் வந்து சேரவில்லை. மாடிப்படியில் இறங்கும்போது அந்த எண்ணம்தான் ஓடியது.

சோதனைக்கு அடுத்த சனிக்கிழமை போனோம். என் மகன் ஒரு கருவியுடன் மாடியில் நின்றான்; நானும் அத்தாவும் மற்றொன்றுடன் ஜீப்பில் ஏறினோம். மலைச்சாலையின் ஒவ்வொரு வளைவிலும் நிறுத்திப் பேசிப் பார்த்தேன். பள்ளத்தாக்கை நோக்கிய வளைவுகளில் அவன் குரல் அருகில் நிற்பவன்போலக் கேட்டது. மலைக்குள் மடங்கிய வளைவுகளில் ஒன்றுமில்லை. எல்லையைத் தாண்டித் தோட்டத்துக் கொட்டகை வாசலில் நின்று அழைத்தேன். சேனலை மாற்றி அழைத்தேன். கருவியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து அழைத்தேன். கொட்டகைக்கும் கம்பத்துக்கும் நடுவே மலைமுகடு சுவராக நின்றது. கம்பம் நட்டு உயர ஆண்டெனா கட்டலாமா என்று யோசித்தேன். இடுக்கி மலையில் சித்திரை மாதத்து இடியைப் பார்த்தவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

அத்தா என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "வாத்தா, பாறைக்குப் போவோம்" என்றார்.

தோட்டத்தின் மேல் எல்லையிலிருந்து கால் மணி நேரம் ஏறினால் முகட்டில் ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது. அங்கு நின்றால் கம்பம் பள்ளத்தாக்கு முழுதும் காலடியில் விரியும். ஊருக்கும் நமக்கும் நடுவே காற்றைத் தவிர ஒன்றுமில்லை. அங்கிருந்து அழைத்ததும் மகன் உடனே பதில் சொன்னான். அவனுக்குப் பின்னால் மோதினாரின் இருமலும், அதைத் தொடர்ந்து அஸருடைய பாங்கும்கூடக் கேட்டன. அத்தா அந்தக் கருவியை என் கையிலிருந்து வாங்கி, பாங்கு முடியும்வரை காதோடு வைத்திருந்தார்.

தினமும் அஸர் வேளையில் பாறைக்கு ஏறி வந்து பேசுவதாக அவர் ஒப்புக்கொண்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நன்றாக இருக்கும் நாளில் நன்றாக இருக்கிறேன் என்று சொல்வதற்கு ரேடியோ எதற்கு? விழுந்து கிடக்கும் நாளில் பாறைக்கு எப்படி ஏறுவார்? தடி ஊன்றிய காலோடு தினமும் அந்த ஏற்றம் வேறு. அக்காவிடம் சொன்னபோது, "ஆக, வேலை செய்யலை" என்று ஒரே வார்த்தையில் முடித்தாள். மாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றேன்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பேசினார். "ஸலாம் அலைக்கும். சுகம். காய் எடுத்தாச்சு. ஓவர்." அவ்வளவுதான். அந்த நான்கு வாக்கியங்களுக்காக நான் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து மாடியில் காத்து நிற்பேன்.

வியாழக்கிழமை அவர் ஓவர் சொன்ன பிறகு இரைச்சல் திரும்பவில்லை. இந்த ரேடியோவில் எதிர்முனை பொத்தானை விட்டதும் வழக்கமான இரைச்சல் வந்துவிடும். வராவிட்டால் அங்கே இன்னும் பொத்தான் அழுந்தியிருக்கிறது என்று பொருள். காய் பறித்த கையின் பிசுக்கும் மண்ணும் சேர்ந்து பொத்தான் சிக்கிக்கொண்டிருக்க வேண்டும். நான் அழைத்தேன். அவருக்குக் கேட்க வழியில்லை. காற்று கேட்டது. ஏதோ ஒரு பறவை. துண்டை உதறும் ஓசை. பிறகு, தக்பீர்.

அஸர் ஓசையில்லாத் தொழுகை. தக்பீருக்கும் தக்பீருக்கும் நடுவே காற்று மட்டுமே. நான் மாடியில் அசையாமல் நின்றிருந்தேன். ஸலாம் கொடுத்து முடித்ததும் துஆ தொடங்கியது. வீட்டிலும் பள்ளியிலும் அவர் உதடு அசையக் கேட்பவர். பாறையில் யாருமில்லை என்று வாய்விட்டுக் கேட்டார். அம்மாவின் மஃபிரத்துக்காகக் கேட்டார். எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கேட்டார். கால் விழுந்துவிடாமல் காக்கச் சொன்னார். பிறகு சற்று நேரம் ஒன்றுமில்லை. பின்பு சொன்னார்: "விக்கத்தான் வேணும்னா, பிள்ளைங்க வாய் திறந்து கேக்குறதுக்கு முன்னாடி என் வாயாலேயே சொல்ல வச்சிடு ரஹ்மானே. அந்தச் சங்கடம் அவங்களுக்கு வேணாம்."

பிறர் அறியாமல் அவர்களைத் துருவி அறிவதைச் சூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது என்பதை நான் அறிவேன். என் மாணவர்களுக்கு அதைச் சொல்லியும் இருக்கிறேன். குமிழ் என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. கால் சுற்றுத் திருகினால் ஓசை நின்றிருக்கும். தொழுகை முடியும் வரை அவருக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்று கேட்டுக்கொண்டிருந்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லலாம். முதல் தக்பீர் வரை அது உண்மையும்கூட. அதற்குப் பிறகு நான் கேட்டது, கேட்க வேண்டும் என்பதற்காகவே. சில நிமிடங்கள் கழித்து அவர் கருவியை எடுத்துத் தட்டியிருக்க வேண்டும். இரைச்சல் திரும்பிவிட்டது.

மறுநாள் ஜும்ஆ முடிந்து சாப்பிட அமர்ந்தோம். மற்றவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்து சொன்னேன். "அத்தா, நேத்து பொத்தான் சிக்கிக்கிச்சு."

அவர் கை தட்டில் நின்றது.

"எது வரைக்கும் கேட்டுச்சு?"

"துஆ முழுசும்."

நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், "ஆமீன் சொன்னியா?" என்றார்.

"எல்லாத்துக்கும் சொன்னேன். கடைசி ஒண்ணுக்கு மட்டும் சொல்லலை."

அவர் தண்ணீர் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்தார். பிறகு, ஏதோ விலை பேசுபவர்போல, சாவதானமாக ஆரம்பித்தார். "இந்த ரெண்டாவது ரேடியோவை நீ வச்சு என்ன பண்ணுவ? நான் விழுந்து கிடந்தா, நீ கேட்டாலும் ஜீப் பிடிச்சு வர ஒன்றரை மணி நேரம். பக்கத்துத் தோட்டத்துச் சேட்டன் வீடு கொட்டகையிலிருந்து அரை கிலோமீட்டர்கூட இல்லை. மலையும் குறுக்க இல்லை. அவர்கிட்ட கொடுத்துடு."

இத்தனை நாளும் அந்த வழி எனக்குத் தோன்றவே இல்லை. அரை கிலோமீட்டருக்கு இந்தக் கருவி தாராளம். செடியும் மரமும் பெரிய தடையல்ல. சேட்டன் அங்கேயே குடும்பத்தோடு இருப்பவர். அவர் மனைவி பகல் முழுதும் வீட்டில் இருப்பவர். அவர்கள் முற்றத்துப் பலாமரத்தடியில் நின்றால் கைப்பேசிக்குச் சிக்னலும் கிடைக்கும். கணுக்கால் முறிந்த அன்றும் கட்டிலில் கிடத்தி அத்தாவைச் சாலைவரை தூக்கி வந்தவர்களில் அவரும் ஒருவர். நான் வாங்கும்போது என் காதுக்கும் அவர் வாய்க்கும் நடுவே ஒரு கோடு என்று மட்டுமே நினைத்து வாங்கியிருக்கிறேன்.

திங்கட்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சேட்டன் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும் சில மணி நேரம் மட்டும் கருவி அணைந்திருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அத்தா அன்று கீழே இருப்பார் என்று சொன்னதும் முகம் தெளிந்தது. அவருடைய மனைவி கருவியைச் சமையலறைச் சன்னலில், பேட்டரி மின்னேற்றியின் பக்கத்தில் வைத்தார். சூரியமின் தகடு இருக்கிறது. சேனல் 14. அங்கே அந்தச் சேனலில் ஒரு சிறு ரீங்காரமும் இல்லை.

கொட்டகை வாசலிலிருந்து அத்தா அழைத்தார். "சேச்சி, கேக்குதா? ஓவர்."

"கேள்க்குந்நுண்டு ராவுத்தரே, நல்லா கேள்க்குந்நுண்டு" என்று சன்னலைத் திறந்து வெளியே கத்தினார் அந்த அம்மா. பொத்தானை அழுத்த வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன்.

அக்காவுக்கு அரை மனம்தான். மழைக்காலம் வரட்டும், பார்க்கலாம் என்கிறாள். நானும் மறுக்கவில்லை. அத்தா பாறைக்கு இப்போது தினமும் ஏறுவதில்லை. மனம் தோன்றும் நாளில் ஏறுகிறார், கருவியைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டு.

எனக்கு மாலையில் சேட்டனின் கைப்பேசியிலிருந்து குரல்பதிவு ஒன்று வரும். பலாமரத்துக் கிளிகளின் சத்தம், சேட்டன் நடந்துவரும் செருப்போசை, அவர் கையிலுள்ள ரேடியோவைக் கைப்பேசியருகே பிடிக்கும் உரசல். அதற்கும் பின்னால், சன்னமாக, "சுகம். காய் எடுத்தாச்சு. அவன்கிட்ட சொல்லிடுங்க. ஓவர்."